வைத்தியர்கள் பயந்த வண்டி
சைக்கிள், இருதயம், திருச்சபை: ஒரு சிறு வரலாறு

எங்கள் சபையின் வாராந்த ஜெபக் குறிப்புகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். பரீட்சை, விசா, பயணம் என்பவற்றுக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் இடம்பிடிப்பவை இருதயமும் நீரிழிவும்தான். ஒரு மாமாவுக்கு ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஓர் அன்ரிக்குச் சீனி கூடிவிட்டது. இன்னொருவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் பைபாஸ் சத்திரசிகிச்சை. நாம் முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறோம். சுகம் கிடைத்ததும் சாட்சி சொல்லித் துதிக்கிறோம். ஆனால் இந்த வியாதிகள் ஏன் நம் வீடுகளையே இவ்வளவு தேடி வருகின்றன என்று வாலிபர் கூட்டத்தில் கேட்டால், "அது பரம்பரை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு. பிரித்தானியாவில் வாழும் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று இந்த நாட்டுச் சுகாதாரத் துறை பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும் குறியீட்டில் வெள்ளையருக்கு 25இல் எச்சரிக்கை தொடங்குகிறது, நமக்கு 23இலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் பரம்பரை மட்டும்தான் காரணம் என்றால், நம் அப்பப்பாமாரும் இதே வயதில் இதே வியாதியோடு அல்லவா இருந்திருக்க வேண்டும்? அவர்களிடம் இருந்து, நாம் கைவிட்டுவிட்ட பொருள்களில் ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. அது வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருந்த சைக்கிள்.

சபைப் பத்திரிகைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட விரும்புகிறோம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். சரீரத்தைப் பற்றித் தமிழில் தெளிவாக எழுதுவது சுவிசேஷப் பணிக்குப் புறம்பானதல்ல என்று அவர் நம்பினார். மானிப்பாயில் அவர் பெயரால் இருக்கும் வைத்தியசாலையை நம்மில் பலர் அறிவோம். அவரைப் பற்றி இன்னொரு சிறு குறிப்பும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

சைக்கிளின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1817இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிறைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை முன்னும் பின்னுமாகப் பொருத்தி, நிலத்தைக் காலால் உந்தி ஓடும் ஒரு வண்டி செய்தார். அதில் பெடல் கிடையாது. பிறகு பெடல் வந்தது. முன்சக்கரம் ஆளுயரத்துக்குப் பெருத்தது. விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1885இல் கொவென்றி நகரத்தில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டிதான் இரண்டு சம அளவுச் சக்கரமும், பின்சக்கரத்தைச் சுற்றும் செயினுமாக இன்றைய சைக்கிளின் உருவத்தை நிலைநிறுத்தியது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார். அதன் பின் பத்து வருடத்துக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் ஒரு காய்ச்சலைப்போலப் பரவியது.

காய்ச்சல் என்றால் வைத்தியர் வரத்தானே வேண்டும். வந்தார்கள். 1890களின் மருத்துவர்கள் சைக்கிளைப் பற்றி எழுதியவற்றை இன்று வாசித்தால் சிரிப்பு வரும். முன்னால் குனிந்து ஓடுவதால் முதுகு நிரந்தரமாகக் கூனும் என்றார்கள். மேட்டில் ஏறினால் இருதயம் வீங்கும் என்றார்கள். 1897இல் ஆதர் ஷாட்வெல் என்ற ஆங்கில வைத்தியர் 'சைக்கிள் முகம்' என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். விழுந்துவிடாமல் சமநிலை காப்பதில் மனம் ஓயாமல் பதறுவதால் முகம் இறுகி, கண் பிதுங்கி, அந்தத் தோற்றமே நிலைத்துவிடுமாம். இந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதி பெண்களை நோக்கியே சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண் ஓடினால் கொஞ்சம் களைப்பு, பெண் ஓடினால் குடும்பமே கெட்டுவிடும் என்ற தோரணை. நம் ஊர்த் திண்ணைகளில் கேட்ட பேச்சுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எல்லா வைத்தியரும் அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொதுச் சுகாதாரத்துக்காகவும் மதுவிலக்குக்காகவும் உழைத்த பெஞ்சமின் வார்ட் றிச்சர்ட்சன் என்ற மருத்துவர் தாமே சைக்கிளோடியவர். அளவோடு ஓடினால் உடலுக்கு நன்மை, மிஞ்சினால் இருதயத்துக்கு ஆபத்து என்பது அவருடைய நிலைப்பாடு. அந்தக் காலத்து அறிவுக்கு அது நிதானமான பேச்சு. ஆனால் இரு தரப்பிலும் யாரிடமும் கணக்கு இருக்கவில்லை. ஆயிரம் பேரை எடுத்து, ஓடியவருக்கு என்ன நடந்தது, ஓடாதவருக்கு என்ன நடந்தது என்று எண்ணிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில், கணக்கில்லாமல் தன் சொந்தச் சரீரத்தையே சாட்சியாக வைத்த ஒரு மெதடிஸ்த பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவர் பிரான்சிஸ் வில்லாட். 1879 முதல் அமெரிக்கக் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி. ஊர் ஊராகப் பயணம், மேடைப் பேச்சு, கட்டுக்கட்டாகக் கடிதங்கள். 1892இல் அவருடைய தாயார் இறந்தார். மகளுக்கு அந்த இழப்பு தாங்க முடியாததாக இருந்தது. ஏற்கெனவே வேலையால் நலிந்திருந்த உடலும் மனமும் ஒன்றாகச் சோர்ந்தன. ஓய்வுக்காக இங்கிலாந்து வந்து, அங்கே மதுவிலக்குப் பணியில் முன்னின்ற லேடி ஹென்றி சமர்செற் அம்மையாருடன் தங்கியிருந்தார். 53வது வயதில், நீண்ட பாவாடையோடு, அங்கேதான் சைக்கிள் பழகத் தொடங்கினார்.

நாளொன்றுக்குச் சராசரி 15 நிமிடம். ஏறத்தாழ மூன்று மாதம். முதலில் பெடல் மிதிக்க, பிறகு திருப்ப, பிறகு இறங்க, கடைசியாக யாருடைய உதவியும் இல்லாமல் ஏற. தன் வண்டிக்கு 'கிளாடிஸ்' என்று பெயரிட்டார். அது தன் உடல்நிலைக்கும் மனநிலைக்கும் கொண்டுவந்த மகிழ்ச்சிக்காக வைத்த பெயர். பழகிய கதையை 1895இல் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். ஏன் பழகினீர்கள் என்பதற்கு அவர் தந்த காரணங்களில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது: இந்த வயதில் உன்னால் முடியாது என்று நிறையப் பேர் நினைத்தார்களாம், அதனால். எங்கள் சபையின் மாதர் சங்கத்தில் 53 வயதைக் கடந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பந்தியை இரண்டாம் தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வில்லாட் அம்மையாரைப் புனிதவதியாக்கவும் நாங்கள் விரும்பவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்ற நாட்களில் அவர் போதிய துணிவோடு பேசவில்லை என்று, கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1894இல் பிரித்தானிய மண்ணிலேயே அவரைப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஒரு விஷயத்தில் காலத்தை முந்தியவர் இன்னொரு விஷயத்தில் காலத்தோடு இழுபட்டுப் போகலாம்.

வைத்தியர்களின் கவலை இருதயம் என்றால், போதகர்களின் கவலை ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாளும் தொழிற்சாலையில் நின்றவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் வெளியே போகக் கிடைத்த நாள். சைக்கிள் வந்ததும் அவன் ஆலயத்துக்கு வராமல் வயல்வெளிக்குப் போய்விட்டான். ஆலய இருக்கைகள் காலியாகின்றன என்று பிரசங்கங்களில் முறைப்பாடு எழுந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் சரீர முயற்சியைப் பற்றிப் பவுல் சொல்வதை, சைக்கிளோடாதே என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அந்தப் பவுலோ எருசலேமிலிருந்து ரோமாபுரி வரை நடந்தும் கப்பலிலுமாகச் சுற்றியவர். அவருக்கு உடற்பயிற்சி தனியாகத் தேவைப்பட்டிருக்காது. வேறு சில சபைகள் புத்தியாக நடந்துகொண்டன. சைக்கிளோட்டிகளுக்கென்றே ஆராதனை வைத்தன, வண்டியை நிறுத்த இடம் கொடுத்தன. இந்த நாட்டில் அதன் ஒரு தடம் இன்றும் இருக்கிறது. கொவென்றிக்கு அருகே மெரிடன் கிராமத்தில், முதலாம் உலகப் போரில் இறந்த சைக்கிளோட்டிகளுக்காக 1921இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் அங்கே சைக்கிளோட்டிகள் கூடி நினைவு ஆராதனை நடத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் மேஜர் ரெய்லரின் பெயரைச் சொல்லாவிட்டால் வாலிபர்கள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். 1878இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த கறுப்பின இளைஞர். அமெரிக்கச் சைக்கிளோட்டிகளின் சங்கம் 1894இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று சட்டம் போட்டது. ஓட்டப் பந்தயங்களில் அவரை இடித்தார்கள், பாதையை மறித்தார்கள், விழுத்தினார்கள். 1899இல் கனடாவின் மொன்றியலில் அவர் உலகச் சம்பியன் ஆனார். பப்ரிஸ்ற் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் ஓட மறுத்தார். ஐரோப்பாவில் பெரிய பந்தயங்கள் ஞாயிறன்றுதான் நடந்தன. பெருந்தொகைப் பணத்தோடு வந்த அழைப்புகளை அதற்காகவே தள்ளினார். 1901இல் அவர் ஐரோப்பா போனபோது, ஞாயிறு ஓடுவதில்லை என்ற நிபந்தனையை ஒப்பந்தக்காரர்கள் ஏற்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அந்த உறுதி தளர்ந்தது என்பதும் வரலாறுதான். 1932இல் சிக்காகோவில் வறுமையில் இறந்தார். அந்த வெள்ளையர்-மட்டும் சட்டத்தை அந்தச் சங்கம் முறைப்படி கண்டித்து விலக்கிக்கொள்ள 1999 ஆனது.

முன்னர் சொன்ன சிறு குறிப்பு இதுதான். ரெய்லர் இளைஞனாக 1895இல் குடியேறி, பயிற்சி பெற்று, வீடு வாங்கி வாழ்ந்த நகரம் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர். நம் வைத்தியர் கிறீன் பிறந்ததும், மானிப்பாயிலிருந்து திரும்பிப் போய் 1884இல் கண் மூடியதும் அதே வூஸ்ரர் நகரில். இருவரும் சந்திக்கவில்லை, சந்தித்திருக்கவும் முடியாது. ஆனாலும் யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் செய்தி இனிக்கும் என்று நினைத்தோம்.

இனி, கணக்கு எடுத்தவரிடம் வருவோம். இடம் லண்டன். ஆண்டு 1949. போலந்திலிருந்து வந்த யூத அகதிக் குடும்பத்தில் பிறந்து, கிளாஸ்கோவின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர், போர்க்காலத்தில் இராணுவ வைத்தியராக இந்தியாவில் பணிசெய்துவிட்டுத் திரும்பியிருந்தார். மாரடைப்பு அப்போது திடீரென்று பெருகிக்கொண்டிருந்தது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. மொறிசின் யோசனை எளிமையானது: ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒத்த சம்பளம், ஆனால் செய்யும் வேலையில் மட்டும் உடலசைவு வேறுபடும் இரண்டு கூட்டத்தாரை ஒப்பிட வேண்டும். லண்டனில் அப்படி இரண்டு பேர் ஒரே வாகனத்தில் இருந்தார்கள். இரட்டைத்தட்டுச் சிவப்பு பஸ்ஸின் சாரதியும் நடத்துநரும்.

சாரதி வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் பதிவுகளை மொறிசின் குழு ஆராய்ந்து, 1953இல் 'லான்செற்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டது. நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில் வந்தது. வந்த கையோடு உயிர் பிரிவது சாரதிகளோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. தபால்காரரையும், தபால் திணைக்களத்திலேயே மேசையில் இருந்து வேலை செய்பவரையும் ஒப்பிட்டபோதும் இதே போக்கு. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோனவரின் இருதயம் நன்றாக இருந்தது.

மொறிஸ் அத்தோடு விடவில்லை. பருமனானவர்கள்தான் சாரதியாகப் போகிறார்களோ, அப்படியானால் வேலைக்கும் வியாதிக்கும் தொடர்பில்லையே என்ற சந்தேகம் அவருக்கே வந்தது. அதைச் சோதிக்க அவர் போன இடம் வைத்தியசாலையல்ல, சீருடை தைத்துக் கொடுக்கும் பகுதி. அங்கே ஒவ்வொரு தொழிலாளியின் காற்சட்டை இடுப்பளவும் பதிவாகியிருந்தது. சாரதிகளின் இடுப்பு உண்மையில் பெரியதுதான். 1956இல் சீருடைகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மேலும் ஆராய்ந்தபோது, இடுப்பு சிறியதோ பெரியதோ, ஒரே அளவுக்காரர்களை எடுத்துப் பார்த்தாலும் படியேறியவருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. அறிவியல் வரலாற்றில் காற்சட்டை அளவு இவ்வளவு உதவியது வேறெங்கும் இல்லை என்று நினைக்கிறோம்.

அடுத்து அரச ஊழியர்களை எடுத்தார். எல்லோரும் மேசை வேலைக்காரர்கள். ஆகவே இப்போது கேள்வி, ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பது. 45 முதல் 64 வயது வரையான 9,376 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1990இல் வெளியிட்ட முடிவு நம்மைப் போன்றோருக்கு முக்கியமானது. தோட்டத்தில் மெதுவாக வேலை செய்வது, வீட்டில் சில்லறை வேலை பார்ப்பது போன்றவை இருதயத்தைக் காக்கவில்லை. மூச்சு வாங்கும்படியான விளையாட்டு, கணிசமான சைக்கிளோட்டம், வேகமான நடை, இவற்றைச் செய்துவந்தவர்களுக்கு மட்டும் இருதய நோய் மற்றவரின் பாதிக்கும் குறைவு. "நானும் நாள் முழுக்கக் கடையில் நின்றுகொண்டுதானே இருக்கிறேன்" என்று சொல்லும் அப்பாமாருக்கு இது நல்ல செய்தியல்ல. நிற்பது வேறு, மூச்சு வாங்குவது வேறு. மொறிஸ் 2009இல், தம் 100வது பிறந்தநாளுக்குச் சில மாதங்களே இருக்கையில் காலமானார்.

இதில் ஒரு கசப்பான ஒற்றுமை இருக்கிறது. மொறிஸ் தம் ஆய்வைத் தொடங்கிய அதே 1949இல்தான் பிரித்தானியாவில் சைக்கிள் ஓட்டம் உச்சத்தில் இருந்தது. அந்த வருடம் மக்கள் ஓடிய தூரம் மொத்தம் ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீற்றர். கார் பெருகப் பெருக அது சரிந்து, 1970களின் தொடக்கத்தில் 400 கோடிக்கும் கீழே போய்விட்டது. அசைவுதான் இருதயத்தைக் காக்கிறது என்று வைத்தியர் கண்டுபிடித்துக்கொண்டிருந்த இருபது வருடத்தில், நாடு அந்த அசைவை விட்டுக்கொண்டிருந்தது.

பிறகு வந்த ஆய்வுகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம். கோபன்ஹேகனில் ஏறத்தாழ 30,000 பேரைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்கள் அந்தக் காலப்பகுதியில் இறக்கும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவாக இருந்தது. மற்ற உடற்பயிற்சிகளைக் கணக்கில் எடுத்து ஒதுக்கிய பிறகும் இந்த அளவு. 2017இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் 263,450 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு, காரிலோ பஸ்ஸிலோ போனவர்களைவிட, இறப்பு 41 சதவீதமும், இருதய நோய் 46 சதவீதமும், புற்றுநோய் 45 சதவீதமும் குறைவு. இந்த எண்களைக் கேட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, சைக்கிள் மட்டுமே காரணம் என்று நிறுவுவதில்லை. ஏற்கெனவே திடமாக இருப்பவர்தான் சைக்கிளைத் தெரிவுசெய்கிறார் என்ற வாதத்துக்கும் இடமுண்டு. அந்த 263,450 பேரில் நம்மவர்கள் மிகச் சிலரே என்பதும் எங்கள் மனதில் இருக்கிறது. ஆனால் வேறு வேறு நாட்டில், வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்கள் எண்ணியும் கணக்கு ஒரே பக்கம் சாய்வதை அலட்சியப்படுத்த முடியாது.

இது எப்படி நடக்கிறது என்பதும் விளங்காத மாயமல்ல. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன. பெடல் மிதிக்கும்போது அவை மாறி மாறிச் சுருங்கி விரிகின்றன. சுருங்கும் தசை இரத்தத்திலிருந்து சீனியைத் தானே இழுத்துக்கொள்ளும். அதற்கு இன்சுலின் தட்டித் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதே இரண்டாம் வகை நீரிழிவின் அடிப்படை என்பதால், நமக்கு இது இரட்டிப்பு உபகாரம். இருதயமும் ஒரு தசைதான். வாரம் சில தடவை மூச்சு வாங்க வேலை கொடுத்தால், ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகிக்கொள்ளும். ஓய்வாக இருக்கும்போது நிதானமாகத் துடிக்கும். உடற்பாரத்தை ஆசனம் தாங்குவதால் முழங்காலுக்கும் நடையோட்டத்தைப்போல அதிர்ச்சி இல்லை.

மனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சமூகத்தில் மனச்சோர்வை வியாதியாக ஒப்புக்கொள்வதற்கே இன்னும் கூச்சம். விசுவாசக் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, மருந்து எடுப்பவர் ஒளித்து எடுக்கிறார். எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்று எங்கள் கண்ணில் பட்டது. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் வாழ்ந்த ஏறத்தாழ 378,000 பேரின் குடிசனக் கணக்கெடுப்பு விவரங்களையும், வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த மருந்துகளின் பதிவுகளையும் ஐந்து வருடத்துக்கு ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் மருந்து எழுதப்படுவது 15 சதவீதம் குறைவு. வில்லாட் அம்மையார் தன் தாயை இழந்த துக்கத்தில் சைக்கிளைத் தேடியதை இதோடு சேர்த்து யோசித்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் வாசிக்கும் நம் பெற்றோருக்கு உள்ளே ஒரு முறுவல் வரும். சைக்கிளைப் பற்றி எங்களுக்கா சொல்லித் தருகிறீர்கள் என்று. உண்மைதான். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை. கார் வைத்திருந்தவர் மண்ணெண்ணெயில் அதை இருமவைத்து ஓட்டினார். மற்ற அனைவருக்கும் சைக்கிள்தான் வாகனம். வைத்தியரும் ஆசிரியரும் போதகரும் மீன்காரரும் சைக்கிளிலேயே போனார்கள். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும் அதன் கரியரில்தான். இரவில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ கொடுத்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். கிளாலிக் கடலில் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நகர்ந்த அந்த மழை இரவில், பலருக்குச் சைக்கிளில் கட்டித் தள்ளக்கூடிய அளவே குடும்பச் சொத்தாயிற்று. அந்த நாட்களை நாங்கள் அழகுபடுத்த மாட்டோம். யாரும் ஆரோக்கியத்துக்காக ஓடவில்லை. பசியோடும் பயத்தோடும் ஓடினார்கள்.

ஆனால் அந்த நினைவினால்தானோ என்னவோ, இங்கே வந்ததும் சைக்கிள் இல்லாமையின் அடையாளமாகிவிட்டது. கார் வாங்கியதும் ஊருக்குப் படம் அனுப்பினோம். இரட்டை வேலை, இரவு வேலை, குளிர், இருட்டு. பெற்றோல் நிலையத்திலும் கடைக் கல்லாவுக்குப் பின்னாலும் கழிந்த வருடங்கள். மொறிசின் கணக்கில் சொன்னால், நடத்துநராக வந்து சாரதியாக மாறிவிட்டோம்.

இதில் மிகவும் விசித்திரமானது பெண்பிள்ளைகளின் விஷயம். யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக, காலையில் பாடசாலைக்கும் மாலையில் ரியூசனுக்கும் சைக்கிளில் போனவர்கள்தான் இன்று எங்களுடைய அம்மாமார். சோதனைச் சாவடியில் இறங்கி ஏறிப் போனவர்கள். அவர்களுடைய பெண்பிள்ளைகள் பலருக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தும் சைக்கிள் ஓடத் தெரியாது. ஞாயிறு பாடசாலைக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவரையும் அப்பா காரில் கொண்டுவந்து இறக்குகிறார். கேட்டால், ரோட்டுக்குப் பயம் என்பார்கள்.

அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. இங்குள்ள பல வீதிகளில் அது நியாயமான பயம். ஆனால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. நெதர்லாந்து என்றால் பிறந்த நாள் முதல் எல்லோரும் சைக்கிளோடும் நாடு என்று நினைக்கிறோம். 1971இல் அந்தச் சிறிய நாட்டில் வீதி விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறு பிள்ளைகள். பெற்றோர் பிள்ளைகளைக் காருக்குள் பூட்டவில்லை. தன் பிள்ளையை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பையே இயக்கத்தின் பெயராக்கி, பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று தெருவை மறித்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, கார் ஓடாத ஞாயிறுகளை அரசாங்கம் அறிவித்தது. வெறுமையான நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் சைக்கிள் ஓடினார்கள். அந்த அழுத்தங்களிலிருந்து உருவானவைதான் இன்று நாம் வியந்து படம் எடுக்கும் சைக்கிள் பாதைகள். கேட்டார்கள், கிடைத்தது.

இந்த நாட்டிலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2022 ஜனவரி முதல் வீதி விதிநூலின்படி, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளை முந்தும் கார் குறைந்தது 1.5 மீற்றர் விலகிப் போக வேண்டும். பாடசாலைகளில் பிள்ளைகளுக்கும், பல உள்ளூராட்சி மன்றங்களில் பெரியவர்களுக்கும், சைக்கிள் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. வேலைத்தலம் மூலம் சைக்கிள் வாங்கினால் வரிச் சலுகை உண்டு. மேடு ஏற முடியாதவர்களுக்கு மின்சார உதவியோடு ஓடும் சைக்கிள் இருக்கிறது; அதிலும் மிதித்தே ஆக வேண்டும் என்பதால் இருதயத்துக்கு வேலை இருக்கும். இருதய நோயோ நீரிழிவோ ஏற்கெனவே உள்ளவர்கள், முக்கியமாக இன்சுலின் எடுப்பவர்கள், தொடங்குவதற்கு முன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாலிபர் ஐக்கியத்தின் சார்பில் சபைக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். ஆலய வளவில் நாற்பது கார் நிற்க இடம் இருக்கிறது. ஒரு சைக்கிளைப் பூட்டி வைக்க இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லை. வாசல் மதிலின் இடப்பக்கம், அறிவிப்புப் பலகைக்குக் கீழே, ஆறு சைக்கிள் நிறுத்தும்படி கம்பிகள் பதிக்க அனுமதி கேட்டிருக்கிறோம். செலவை நாங்களே சேர்த்துத் தருவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அது பேச்சுக்கு வருகிறது.